வலது பக்க முன்சீட்டு

வெளிநாட்டில் கார் வாங்கினேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்து, லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பார்கள். என் அப்பா இரண்டையும் கேட்கவில்லை. மேற்கு ஜெர்மனியில், நேராகத் தொழிற்சாலைக்கே போய் ஒரு கார் எடுத்து, ஊர் திரும்பும்போது அதைக் கப்பலில் அனுப்பப் போகிறேன் என்று நான் எழுதிய கடிதத்துக்கு அவர் போட்ட பதிலில் ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. "வண்டி வாங்கு, வேண்டாங்கல. ஆனா அதுல மொதல்ல நாந்தான் உக்காருவேன். அதுக்கு முந்தி ஒருத்தரும் உக்காரப்படாது." பென்சிலால் எழுதி, கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார்.

இதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் எங்களுடையது. கடலை, பருத்தி, கொஞ்சம் தென்னை. அப்பா ஐந்து ஆண் பிள்ளைகளில் கடைசி. மூத்தவர் போட்ட சட்டை நான்கு உடம்பு சுற்றி அவருக்கு வரும். சிலேட்டும் அப்படி, சைக்கிளும் அப்படி. பாகம் பிரித்தபோது கிடைத்த எருதுகள்கூட நாலு பேர் ஓட்டிச் சலித்தவை. கல்யாணத்தன்று கட்டிய வேட்டியே மூத்த பெரியப்பா கட்டித் துவைத்து மடித்து வைத்ததுதான் என்று அம்மா கேலி செய்வாள். அப்பா அதற்குச் சிரிக்க மாட்டார்.

எங்கள் பக்கத்தில் புது வண்டி வந்தால், மாட்டு வண்டியானாலும் சரி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வீட்டுக்கு மூத்தவர் ஏறி உட்கார்ந்து நாலு எட்டு ஓட்டிய பிறகுதான் மற்றவர்கள் ஏறுவார்கள். பெரியப்பா அப்படி ஏறி உட்கார்ந்ததை அப்பா தன் வாழ்நாளில் எத்தனை தடவை கீழே நின்று பார்த்திருப்பார்! ஆகவே, தன் மகன் வாங்கும் வண்டியில் தான்தான் முதலில் என்று அவர் கேட்டது ஒரு பேராசையும் இல்லை. எனக்குத்தான் அது அப்போது புரியவில்லை.

நான் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு பட்டறையில் வேலை கற்று, அந்த நாட்டில் ஒரு பம்புத் தொழிற்சாலைக்குப் போனவன். மெக்கானிக் புத்தி. என் கார் எந்த வயிற்றிலிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் எனக்கு. கடையில் வாங்காமல் தொழிற்சாலைக்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று கூட வேலை செய்தவர் ஒருவர் சொன்னதும், அன்றே விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டேன்.

அந்த நாள் வந்தது. விடியற்காலை ரயிலில் போய் இறங்கினேன். பையில் நான்கு எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய், ஒரு டப்பி கற்பூரம். தேங்காய்க்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்று ஊர் அலைந்து ஒரு பெரிய கடையில் பிடித்தேன். தொழிற்சாலை வாசலில் ஒரு கூடம். ரயில்வே வெயிட்டிங் ரூம் மாதிரி வரிசையாக நாற்காலிகள். அதில் குடும்பம் குடும்பமாக, கோவிலுக்குப் போவது போல உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஒரு எண் கொடுத்தார்கள். எண் கூப்பிடும் வரை சாப்பிட்டுக்கொள்ள ஒரு துண்டுச் சீட்டு. சாப்பிட்ட பிறகு, வேண்டுமானால் உள்ளே சுற்றிப் பார்க்கலாம் என்றார்கள். வேண்டுமானாலா! முதல் ஆளாக எழுந்தேன்.

உள்ளே நான் பார்த்ததை முழுதும் எழுதினால் இது தீராது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மேலே கொக்கியில் தொங்கிக்கொண்டு காரின் கூடு வருகிறது. கீழே இன்னொரு பாதையில் எஞ்சினும் சக்கரத்துக்கான தண்டுகளும் வருகின்றன. ஒரு இடத்தில் மேலே இருப்பது இறங்குகிறது, கீழே இருப்பது ஏறுகிறது, நாலு பேர் நாலு போல்ட் முடுக்குகிறார்கள், அவ்வளவுதான், அது கார். நான் வாயைப் பிளந்துகொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். கூட்டிப் போனவர் என் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியதாகிவிட்டது.

பிறகு எண் கூப்பிட்டார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெரியவர், கையில் அட்டையும் காகிதமுமாக, என்னைக் கூட்டிப் போய் என் காருக்கு முன்னால் நிறுத்தினார். இளநீல நிறம். அந்த நாட்டு வழக்கப்படி ஸ்டியரிங் இடது பக்கம். ஆகவே மரியாதைக்குரிய முன்சீட்டு வலது பக்கம். அப்பாவின் நிபந்தனைக்கு நான் வழியில் ரயிலிலேயே ஒரு உரை எழுதி வைத்திருந்தேன். ஓட்டுகிறவன் உட்காருவது கணக்கில் சேராது. மாட்டு வண்டியில் ஓட்டுகிறவன் முன்னால் தொற்றிக்கொண்டிருப்பதை யாராவது உட்கார்ந்தான் என்று சொல்வார்களா? வலது பக்கச் சீட்டை மட்டும் அப்பாவுக்குக் காப்பாற்றிக் கொடுத்தால் போதும். அதன்மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்ற வேண்டாம் என்று பெரியவரிடம் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். நான் இடது பக்கம் ஏறினேன். விளக்கு எது, வைப்பர் எது என்று காட்ட வேண்டுமல்லவா, அவர் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கக் கதவைத் திறந்து தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ!" என்று கத்திவிட்டேன். தமிழில்தான். அவர் பயந்துபோய் எங்கே அடிபட்டது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். காகிதத்தில் இருபத்து மூன்று விஷயங்கள் இருந்தன. இருபத்து மூன்றையும் அந்தச் சீட்டில் அமர்ந்தபடியே சொல்லி முடித்தார். அப்புறம் நான் எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தபோது, மனுஷனுக்கு ஒரே ஆச்சரியம். எந்தப் பழம் எந்தச் சக்கரத்துக்கு என்று முறை உண்டா, முன்னால் போக வேண்டுமா பின்னால் போக வேண்டுமா, இந்திய எலுமிச்சை இதைவிடச் சிறியதா என்று குனிந்து நின்று கேட்டார். நசுக்கினேன். பளிங்கு போலிருந்த தரையில் சாறு ஓடியது. ஒரு ஆள் துடைப்பத்தோடு ஓடி வந்தான். தேங்காயை உடைக்க எனக்குத் துணிவு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டு போய்ச் சட்னி அரைத்தேன்.

அன்று இரவே கடிதம் எழுதினேன். "வண்டி வந்துவிட்டது. உங்கள் சீட்டில் யாரும் உட்காரவில்லை." அதுதான் முதல் பொய்.

நிரந்தரமாக ஊர் திரும்புகிறவன் தன் காரைக் கொண்டு வரலாம், சுங்கத்தில் சலுகையும் உண்டு. ஆனால் அந்தக் கார் ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் அவன் சொந்த உபயோகத்தில் இருந்திருக்க வேண்டும். இது சட்டம். ஆகவே ஓட்டினேன். சட்டத்துக்காக மட்டும் ஓட்டினேன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆசைக்கு ஓட்டினேன். பனி பார்க்க மலைக்கு ஓட்டினேன். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரக் கிழவியின் நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் மாட்டு டாக்டர் மாதிரி அங்கே நாய்க்கென்று இருக்கும் டாக்டரிடம் ஓட்டினேன். ஒருவர் உட்கார்ந்துவிட்ட சீட்டுதானே, இனி என்ன என்று ஆகிவிட்டது. கூட வேலை செய்தவர்கள் உட்கார்ந்தார்கள். கிழவி உட்கார்ந்தாள். நாய் உட்கார்ந்தது.

கார் எடுத்த புதிதிலேயே அப்பா சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரிடம் கேட்டுக் கார் எத்தனை தூரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் ஒன்று உண்டு என்று தெரிந்துகொண்டார். "மீட்டர்ல எவ்வளவு காட்டுதுன்னு எழுது" என்று கடிதம் வந்தது. அப்போது இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். தொழிற்சாலையிலிருந்து வீடு வரை வந்த தூரம் என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு அது இருநூற்றுப் பன்னிரண்டாகவே இருக்க வேண்டாமா? டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு மீட்டர் கேபிளைக் கழற்றினேன். மெக்கானிக்குக்கு ஐந்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு பதினைந்து மாதம், எஞ்சின் சத்தத்தை வைத்தே வேகத்தைக் கணித்து ஓட்டினேன். கெட்டிக்காரத்தனம் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அம்மாவின் கடிதம் ஒன்று மட்டும் என்னைக் குத்தியது. யாரோ சொந்தக்காரர் கல்யாணம். மழை. பெரியப்பா மகன் தன் பழைய காரை நிறுத்தி ஏறச் சொல்லியிருக்கிறான். "எம் பையன் காரு வரட்டும், அதுலதான் ஏறுவேன்" என்று அப்பா ஆறு மைல் நனைந்துகொண்டே நடந்து வந்து மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று நான் காரைத் தொடவில்லை. மறுநாள் தொட்டேன்.

ஊர் திரும்பும் காலம் வந்ததும், சீட்டைச் சோப்பு போட்டுக் கழுவி, நாய் முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, புதுப் பிளாஸ்டிக் உறை வாங்கி மாட்டினேன். துறைமுகத்தில் பெட்ரோலை வடித்தார்கள். வைப்பர், கண்ணாடி, சக்கர மூடி எல்லாவற்றையும் கழற்றிப் பின்பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். வழியில் காணாமல் போகுமாம். நான்கு சக்கரத்துக்கும் வலை கட்டிக் கிரேன் தூக்கியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். காரின் அடிவயிற்றை அப்படி நான் பார்த்ததே இல்லை. காற்றில் மெதுவாகச் சுற்றியது. விழுந்துவிடக் கூடாது சாமி என்று எங்கள் குலதெய்வத்தை அங்கே வைத்துக் கூப்பிட்டேன்.

நான் விமானத்தில் முன்னாலேயே வந்துவிட்டேன். சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்த வருஷங்கள் அவை. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வர வேண்டும். அப்பா வாத்தியாரிடம் அட்லஸை இரவல் வாங்கி வைத்திருந்தார். தினமும் காலையில் தோட்டத்துக்குப் போகுமுன் அதை விரித்து, "இப்ப எங்கடா இருக்கும்?" என்பார். நான் உத்தேசமாக விரலை வைப்பேன். கேள்விகள் அதோடு நிற்காது. கப்பலுக்கு மேலே நிற்குமா, உள்ளே நிற்குமா? உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்காதா? கடைசியில் ஒரு நாள், "கப்பல்ல வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்கும்? கெழக்கயா?" என்று கேட்டார். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. இன்று வரை தெரியாது.

கொச்சியிலிருந்து தகவல் வந்ததும் இருவரும் கிளம்பினோம். அப்பாவின் இடுப்பில் கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட புது வேட்டி. புதுசு, யாரும் கட்டாதது. கையில் மஞ்சப்பையில் எலுமிச்சம்பழம். துறைமுகக் கொட்டகையில் தூசி படிந்து நின்றுகொண்டிருந்தது கார். அப்பா அதைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். தொடவில்லை. வலது பக்கக் கண்ணாடிக்கு முகத்தை ஒட்டி வைத்து உள்ளே பார்த்தார்.

"அதுதானா?" என்றார்.

"அதுதாங்கப்பா."

சுங்க அதிகாரி மலையாளி, பொறுமையான மனிதர். காகிதங்களைப் புரட்டினார். உள்ளே எட்டிப் பார்த்து மீட்டரைப் படித்தார். பிறகு, "இது உபயோகிச்ச வண்டியாணோ?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"உபயோகமா? ஐயோ சாரே, ஒருத்தரும் உக்காரலைங்க! என்ற பையன் ஒண்ணர வருசமாப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தான். சீட்டு மேல பிளாஸ்டிக்கைப் பாருங்க. மீட்டரைப் பாருங்க. இருநூத்திப் பன்னெண்டு! அதுக்கு மேல ஒரு அடி ஓடலைங்க."

அதிகாரி பேனாவை மூடினார். மலையாளமும் தமிழும் கலந்து எனக்கு விளக்கினார். பேருக்கு வாங்கி, ஓட்டாமல் மூடி வைத்துக் கொண்டு வந்தால் அது சொந்த உபயோகத்து வண்டி ஆகாது, புதுச் சரக்கு. சலுகை கிடையாது. முழுத் தீர்வையும் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் இங்கேயே நிற்கும், பிறகு ஏலத்துக்குப் போகும். அந்தத் தீர்வையைக் கட்ட என்னால் ஏழு ஜென்மத்துக்கும் முடியாது.

அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. எனக்கு நல்ல சாட்சி சொல்லிவிட்ட திருப்தியோடு நின்றார்.

"அப்பா, நீங்க போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க" என்றேன்.

"நான் எதுக்கடா போறேன்? என்ற கண்ணு முன்னாலயே கையெழுத்துப் போடட்டும்."

வேறு வழி இல்லை. என் கைப்பெட்டியின் அடியில், சட்டைகளுக்குக் கீழே, ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தேன். நான் மட்டும் தனியாக அதிகாரியைப் பார்க்கும்போது தேவைப்பட்டால் என்று கொண்டு வந்தது. அதைத் திறந்து மேஜை மேல் கவிழ்த்தேன். வண்டியைக் கண்ட இடத்தில் நிறுத்தியதற்கு அபராத ரசீது மூன்று, நம்பரும் தேதியும் போட்டு. பனியில் வழுக்கிக் கதவு நசுங்கியதைச் சரி செய்த பட்டறை ரசீது. பதினொரு போட்டோ.

"மீட்டர் கேபிளை நானே கழற்றிவிட்டேன் சார்" என்று சொன்னேன். தலையைத் தூக்கிச் சொல்ல முடியவில்லை.

அதிகாரி டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். தொங்கிய கேபிளைக் கண்டு சிரித்துக்கொண்டே எழுந்தார். அவர் ஆயுசில் மீட்டரைக் குறைத்துக் காட்டி நஷ்டப்படப் பார்த்த முதல் ஆள் நான்தானாம். போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர்களும் கூடிவிட்டார்கள். "இது மஞ்ஞாணோ?" என்று பனியைக் காட்டி ஒருவர் கேட்டார். பார்த்து முடித்த போட்டோவை, பெரியவருக்கு மரியாதையாக, அப்பா கையில் கொடுத்துக்கொண்டே வந்தார் அதிகாரி.

அப்பா ஒவ்வொன்றையும் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். மலை மேல் கார். பனியில் கார். வலது பக்கச் சீட்டில் என் கூட்டாளி. வலது பக்கச் சீட்டில் கிழவி. ஒன்பதாவதோ பத்தாவதோ, வலது பக்கச் சீட்டில் கழுத்தில் பட்டையோடு நாய், ஜன்னலுக்கு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டு.

"இது ஆரூட்டு நாயி?" என்றார்.

"வீட்டுக்கார அம்மாளுதுங்க."

"ம்."

 அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். கார் எனக்குக் கிடைத்துவிட்டது. பெட்ரோல் ஊற்றி, பேட்டரியைத் தட்டி எழுப்பி, தற்காலிக நம்பர் ஒட்டி வெளியே கொண்டு வந்தபோது, அப்பா மஞ்சப்பையை பானெட் மேல் வைத்துவிட்டு ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தார். ஓடிப் போய் மறித்தேன்.

"அப்பா, ஏறுங்க. உங்க எடமுங்க அது."

"நீ போ. எனக்குப் பஸ்ஸு இருக்குது."

"அப்பா..."

"நாய்க்கு அப்புறம் நானாடா?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டார்.

அவர் பஸ்ஸில் ஏறினார். நான் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் வெறும் காரை ஓட்டிக்கொண்டு போனேன். கொச்சியிலிருந்து திருச்சூர், திருச்சூரிலிருந்து பாலக்காடு. முந்திப் போகவும் முடியாது; நம் ஊரில் இடது பக்கமாகப் போக வேண்டும், இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு முன்னால் போகும் வண்டியின் முதுகு மட்டும்தான் தெரியும். முந்தவும் எனக்கு மனம் இல்லை. பஸ் டீக்கு நின்ற இடத்தில் அவர் ஒரு பெஞ்சில் டீ குடித்தார், நான் ஒரு பெஞ்சில் குடித்தேன். இரண்டு டீக்கும் நான் காசு கொடுத்துவிட்டதாகக் கடைக்காரர் சொல்ல, அப்பா தன் டீக்குத் தனியாகக் கொடுத்துவிட்டுப் போய் ஏறினார்.

ஊரில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்களிடம், "பெட்ரோல் வாடை எனக்கு ஆகலை, பஸ்ஸுல வந்துட்டேன்" என்றார். அம்மா நம்பவில்லை. மற்றவர்கள் நம்பினார்கள். என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்க அவர் சொன்ன பொய் அது. வெட்கத்தில் எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. அப்புறம் நடந்ததுதான் அதைவிட மோசம். பெரியப்பா வந்தார், "தம்பிக்கு ஆகலைன்னா என்ன, மூத்தவன் நான் இருக்கறனில்ல" என்று வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார், "எடுறா வண்டியை" என்றார். எடுத்தேன். அப்பா கீழே நின்று பார்த்தார்.

ஒரு மாதம் அவர் காரின் பக்கமே வரவில்லை. ஊரே ஏறி இறங்கியது. என்னிடம் பேச்சும் அம்மா மூலமாகத்தான்.

அப்போது மறையூரில் கரும்புத் தோட்டக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்திருந்த என் அக்காவின் மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், ஆகவே நான் இல்லாமல் நடக்காது. "தாத்தன் பஸ்ஸுல, மாமன் காருலன்னு போனா சம்பந்தி ஊடு சிரிக்குமுங்க" என்று அம்மா ஒரே பிடியாகப் பிடித்ததில், அப்பா பின்சீட்டில் ஏறினார். பக்கத்தில் அம்மா. முன்னால், வலது பக்கச் சீட்டில், சீர்த் தட்டும் வாழைப்பழத் தாரும் உட்கார்ந்து வந்தன.

பொள்ளாச்சி, உடுமலை வரை ஒன்றும் இல்லை. சின்னாறு செக்போஸ்ட் தாண்டி மலை ஏறும்போது, வெல்லம் ஏற்றப் போகும் காலி லாரி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டது. ஆமை வேகம், ஒரே புகை. அம்மா இருமினாள். முந்தலாம் என்று நடு ரோட்டுக்கு மூக்கை நீட்டினேன், வளைவு. பின்வாங்கினேன். மறுபடி நீட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் தடவை துணிந்து பாதி வண்டியை வெளியே எடுத்துவிட்டேன். மேலேயிருந்து பஸ் வந்தது. எப்படி பிரேக் போட்டேன், எப்படி ஓரத்துக்கு வந்தேன் என்று தெரியாது. தட்டு கவிழ்ந்து, பழமும் துணியும் வெற்றிலையும் கீழே கிடந்தன. 

"ஏனுங்க!" என்று அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "கல்லாட்ட உக்காந்திருக்கறீங்களே! அவனுக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியலைன்னு தெரியுதில்ல? பேரன் காதைக் குத்தப் போறமா, நம்ம மூணு பேருக்கும் காரியம் பண்ண வெக்கப் போறமா?"

அப்பா முன்னால் போய்விட்ட லாரியை எட்டிப் பார்த்தார். பிறகு என் முதுகைப் பார்த்து, ஒரு மாதத்துக்குப் பிறகு, நேராகக் கேட்டார்.

"அந்த நாட்டுலயும் உனக்கு இப்பிடித்தான் தெரியாம இருந்துதா?"

"இல்லீங்கப்பா. அங்க ரோட்டுக்கு வலப்பக்கமாப் போவாங்க. ஓட்டறவனுக்கு எல்லாமே தெரியும்."

"அப்ப இந்த எடத்துல உக்காந்து வந்தவங்க என்ன பண்ணுனாங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க. சும்மா வந்தாங்க."

"அந்த வெள்ளைக்காரக் கெழவியும்?"

"சும்மாதாங்க."

"நாயும்?"

"நாயும் சும்மாதாங்கப்பா."

அவர் யோசித்தார். அது எனக்கு முதுகிலேயே தெரிந்தது. பிறகு இறங்கினார். முன்கதவைத் திறந்து, சிதறியதை எல்லாம் தட்டில் அள்ளி அம்மாவிடம் கொடுத்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வலது பக்கச் சீட்டில் உட்கார்ந்தார். ஜன்னலை இறக்கித் தலையை முழுக்க வெளியே நீட்டினார்.

"எடு. நான் பாத்துச் சொல்றேன்."

எடுத்தேன்.

இரண்டு வளைவுக்குள் அதே லாரியை மறுபடி பிடித்துவிட்டேன்.

"பொறு... பொறு... வளைவு. இன்னும் பொறு... ஒரு ஆளு மாடு ஓட்டிட்டு வர்றான், அவன் போகட்டும்... ஆச்சு. வா. வா. வா, வா, அழுத்துடா!"

எனக்கு லாரியின் முதுகு தவிர ஒன்றும் தெரியவில்லை. அவர் குரலை நம்பி அழுத்தினேன். லாரி பின்னால் போய்விட்டது. அப்பா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கண்ணில் தூசி விழுந்து நீர் வடிந்துகொண்டிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. மறையூர் போய்ச் சேரும் வரை இன்னும் இரண்டு லாரி, ஒரு ஜீப்பு, ஒரு கரும்பு வண்டி.

மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தார். வலது பக்கமிருந்து மாமனார் இறங்குவதைக் கண்டு, "என்னங்க மாமா, நீங்களா ஓட்டிக்கிட்டு வந்தீங்க?" என்றார்.

"பாதி நானு" என்றார் அப்பா.

ஊர் திரும்பிய மறுவாரம் பெரியப்பா ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு வந்து, வழக்கம்போல வலது பக்கக் கதவில் கை வைத்தார். அப்பா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"அண்ணா, நீங்க பின்னால உக்காருங்க" என்றார். "இந்த எடத்துல வேல தெரிஞ்ச ஆளு உக்காரோணும்."